காட்டுப் பக்கத்து ஆணி

மாலை ஐந்து இருபது. ஏலக்காய் ஸ்டோரின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பலகையைத்தான். அதில் காட்டுப் பக்கத்து ஆணிகளில் ஒன்றில் மட்டும் ஒரு பித்தளை வில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி. எஸ்டேட் வேலைக்கு வருவதற்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு தினசரியில் சில வருஷம் உதவி ஆசிரியனாக இருந்தேன். பேய் மரம், பேசும் கிணறு என்று ஊர் நிருபர்கள் எழுதி அனுப்புவதை மடித்துக் கூடையில் போடுவது என் வேலைகளில் ஒன்று. சொன்ன ஆள் யார், பார்த்த ஆள் யார் என்று கேட்டுத் திருப்பி எழுதினால் போதும், அந்தச் செய்தி மறுபடி வராது. அந்தப் புத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆகவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எழுபதுகளின் நடுவில், ஒரு ஆடி மாதம். சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். தோட்டம் இரண்டு பகுதி. மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும், காலையில் பேர் பதியும் மஸ்டர் ஷெட்டும். இரண்டு மைல் கீழே காய் உலர்த்தும் ஸ்டோரும் ஆபீஸும். ஏலக்காடு தேயிலைக்காடு மாதிரி இல்லை. பெரிய மரங்களுக்கு அடியில், ஆள் உயரச் செடிக்குள் வேலை. பத்தடி தள்ளி நிற்பவரே தெரியமாட்டார். ஆனை உண்டு, மூடுபனி உண்டு. முன்பு எப்போதோ ஒரு ஆள் காட்டுக்குள்ளேயே விடுபட்டுப் போய், மறுநாள்தான் ஆள் குறைகிறது என்றே தெரிந்ததாம். அதிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் செய்து வைத்த ஏற்பாடு இந்தப் பலகை.

ஒரு பெரிய பலகை. இடது பாதியில் அறுபது ஆணி, வலது பாதியில் அறுபது ஆணி. இடது வீடு, வலது காடு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று. காலையில் மஸ்டருக்கு வந்ததும் தன் வில்லையைத் தானே வீட்டு ஆணியிலிருந்து எடுத்துக் காட்டு ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகவேண்டும். சாயங்காலம் திரும்பி வந்து வீட்டு ஆணியில் மாட்டவேண்டும். மேலே ஷெட்டில் ஒரு பலகை, கீழே ஸ்டோரில் அதே மாதிரி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி வில்லைகள். மஸ்டர் முடிந்ததும் மேலேயிருந்து சவரிமுத்து கங்காணி கைப்பிடி சுழற்றும் எஸ்டேட் போனில் நம்பர்களைச் சொல்வார், கீழே ஸ்டோர்கீப்பர் ஞானமுத்து ஒவ்வொன்றாக மாற்றி மாட்டுவார். கடைசியில் இருவரும் எண்ணிக்கையைச் சொல்லிச் சரிபார்த்தால்தான் போனை வைக்கலாம். ஒரு பலகைக்கு ஏதாவது ஆனாலும் இன்னொன்று சொல்லும், இன்றைக்குக் காட்டுக்குள் யார் யார் என்று.

அன்று மேல் பலகைக்கு ஆகிவிட்டது. மத்தியானம் மலைச்சரிவு உடைந்து உருள் பொட்டி, மஸ்டர் ஷெட் இருந்த மேடே இறங்கிப் போய்விட்டது. ஷெட், பலகை, வில்லைகள், போன் எல்லாம் மண்ணுக்கு அடியில். அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். எல்லாரும் காய் எடுக்கப் போயிருந்தார்கள். லயத்துக்கு மேலே உள்ள மலையும் விரிசல் விட்டிருந்ததால், வேலைக்குப் போனவர்கள், கிழவர்கள், குழந்தைகள் எல்லாரையும் கீழே இறக்கினோம். மேனேஜர் கோட்டயம் போயிருந்தார். சாலை போய்விட்டது, வெளிப் போனும் இல்லை. அன்றைக்கு முடிவு எடுக்க வேண்டிய ஆள் நான்.

நனைந்து வந்த ஒவ்வொருவரையும் ஞானமுத்து ஸ்டோர் வாசலில் நிறுத்தி, கீழ்ப் பலகையில் அவரவர் வில்லையைக் காட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து வீட்டுப் பக்கம் மாட்டவைத்தார். நான் பாதி வழியில் நின்று ஆட்களை அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தேன். அப்போதுதான் அந்த ஒரு வில்லை.

"இது யாருங்க, இன்னும் வரலையா?" என்றேன்.

ஞானமுத்து அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கண்டிப்பான வேதக்காரர், பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். "எல்லாரும் வந்தாச்சு சார். காலைல போன முப்பத்தொன்பது பேரும் வந்து மாட்டினத நான் பாத்தேம்லா."

"அப்ப இது?"

எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஐம்பத்தெட்டு. இது மரியபுஷ்பம் நம்பர் சார்."

மரியபுஷ்பம் என் காலத்துக்கு முன்பே பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் இறந்தால் நம்பர் பிள்ளைக்குப் போகும். வாங்கிக்கொள்ளப் பிள்ளை இல்லையென்றால், வில்லையை வீட்டு ஆணியிலேயே நம்பர் தெரியாதபடி முகம் திருப்பி மாட்டிவிடுவார்கள். யாரும் அதைத் தொடுவதில்லை. ஐம்பத்தெட்டு அப்படித்தான் பல வருஷமாகப் பலகையைப் பார்த்துத் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது காட்டுப் பக்கத்தில், முகம் வெளியே தெரிய.

ஸ்டோருக்குள் ஈரத் துணியும் புகையுமாக அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் மாற்றி மாட்டியது என்று கேட்டேன். நானில்லை, நானில்லை என்றார்கள். காலையில் போனில் சொல்லும்போது தவறியதோ என்றால், எட்டு மணிக்கு இரண்டு பக்கமும் முப்பத்தொன்பது என்று சரிபார்த்திருக்கிறார்கள். இதையும் சேர்த்தால் நாற்பது வந்திருக்கும். வேறு ஒருவருடைய வில்லைக்குப் பதிலாக இதை மாட்டிவிட்டார்கள் என்றால், முப்பத்தொன்பது பேரும் தங்கள் தங்கள் வில்லையைக் காட்டுப் பக்கத்தில் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நான் தலைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன்.

"ரைட்டர் சார் ஆள எண்ணுதாக. கஞ்சிய எண்ணினாத் தேவல," என்றாள் மூலையிலிருந்து, காய் எடுக்கும் செல்லக்கனி. நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

"ஏனுங்க, விளையாட்டுக்காச்சும் யாராவது தொட்டீங்களா? நான் ஒண்ணும் சொல்லமாட்டேனுங்க."

"ஐயய்ய, பாலக்காட்டு 'ங்க' வந்துருச்சு, சாருக்குக் கோவம்," என்றார் சவரிமுத்து கங்காணி. மதுரைப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. பிறகு குரலை இறக்கி, "தொட மாட்டாய்ங்க சார். செத்தவ நம்பரத் தொட்டு எவனாச்சும் வெளயாடுவானா?"

நான் வில்லையை எடுத்துத் திரும்ப வீட்டு ஆணியில், முகம் திருப்பி மாட்டினேன். நான்தான் மாட்டினேன், அது நன்றாக நினைவிருக்கிறது. ஆணியின் தலை சற்று வளைந்திருந்ததால் வில்லையைக் கொஞ்சம் அழுத்தி உள்ளே தள்ளவேண்டி இருந்தது. தானாகக் கழன்று விழக்கூடிய ஆணி அல்ல.

விடிந்ததும் மேலே போகவேண்டிய வேலை இருந்தது. லயத்தில் மாடுகள் கட்டிக் கிடந்தன, அரிசியும் துணியும் அங்கே. ஆனால் இரண்டு பலகையில் ஒன்று இல்லாமல் போனாலும் ஆளைக் காட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த நிலைமையில் விதியை மீற எனக்கும் மனமில்லை. ஆகவே முதல் காரியம் மேலே ஒரு பலகையைத் திரும்ப உண்டாக்குவது. லயத்துக்கு இந்தப் பக்கம், சரிவுக்கு எட்டாமல், ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. லைன்மேன் அறுந்த கம்பியின் நல்ல முனையை இழுத்துப்போய்க் கோயில் ஜன்னலில் கட்டி, டிஸ்பென்சரியில் இருந்த போனைப் பொருத்துவதாக ஏற்பாடு. பலகைக்குக் கோயில் பெஞ்சு ஒன்று. வில்லைக்கு ஞானமுத்து மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, ஆணியால் நம்பர் கீறித் தந்தார்.

வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் வெட்டினால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அறுபதும் வெட்டியிருந்தார்.

"எதுக்குங்க அறுபது?"

"ஆணி வெறுமையா நின்னா நல்லாருக்காது சார். பழைய பலகை எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்கணும். ஆள் இல்லாததத் திருப்பி மாட்டச் சொல்லிருக்கேன்."

மறுநாள் காலை கங்காணியும் எட்டு ஆண்களும் மேலே போனார்கள். மழை சற்று விட்டிருந்தது. நல்ல வெளிச்சம். போன் மணி அடித்தபோது ஸ்டோரில் நானும் ஞானமுத்துவும் மட்டும் இருந்தோம். மற்றவர்களை எல்லாம் அதற்குள் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். போன் ஜன்னல் பக்கத்துச் சுவரில், பலகை எதிர்ச் சுவரில். ஆகவே ஞானமுத்து பலகைமுன் நின்று, மேலே போன ஒன்பது பேரின் வில்லையை ஒவ்வொன்றாகக் காட்டுப் பக்கம் மாட்டி நம்பரைச் சொல்வார், அதை நான் போனில் சொல்வேன், கங்காணி மேலே தகரத்தை மாட்டித் திரும்பச் சொல்வார். வழக்கமாக மேலேயிருந்து கீழே வருவது அன்று கீழேயிருந்து மேலே போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி நம்பரையும் சொல்லி முடித்தோம்.

"எண்ணுங்க," என்றேன்.

"ஒம்பது," என்றார் ஞானமுத்து பலகையைத் தொட்டுக்கொண்டே.

"இங்க ஒம்பதுங்க," என்றேன் போனில்.

மறுமுனையில் கங்காணி விரலால் தொட்டு எண்ணுவது, தகரம் கிணுகிணுப்பது கேட்டது. "பத்து சார்," என்றார்.

"திரும்ப எண்ணுங்க."

"எண்ணிட்டேன் சார். பத்து. ஐம்பத்தெட்டு இந்தப் பக்கம் நிக்குது. நீங்க சொல்லலையே, நானும் மாட்டலையே. பயலுக அம்புட்டுப் பேரும் வாசல்ல நிக்கிறாய்ங்க."

நான் போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். ஞானமுத்து இன்னும் பலகை முன்னால்தான் நின்றார். கை பாதி உயர்ந்து அப்படியே நின்றிருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் பலகையைப் பார்த்தேன். எங்கள் பலகையிலும் ஐம்பத்தெட்டு காட்டுப் பக்கத்தில், முகம் வெளியே தெரிய.

"ஒம்பதுதான் இருந்தது," என்றார் அவர். குரல் ஒரு மாதிரி தட்டையாக வந்தது. "நான் எண்ணும்போது ஒம்பது."

பயந்தீர்களா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் பயமாக ஒன்றும் தோன்றவில்லை. ஒரு செய்தி இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. பேப்பரில் எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். ஒரு இடத்திலிருந்து வந்தால் வைத்திரு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடத்திலிருந்து வந்தால் போடு. மற்றது எல்லாம் பிறகு.

"கங்காணி, ஐம்பத்தெட்டுக்கு நிரை எது?" காய் எடுப்பில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுத்திருக்கும்.

"ஓடைக்கு அங்கிட்டு, கடைசி நிரை சார். தேவாரம் ஊருக்குப் போற பாதை வந்து எறங்குற எடம். அவ போனதுலருந்து அந்த நிரைக்குத் தனியா ஆளில்ல."

"அங்க போய்ப் பாக்கணுங்க."

ஞானமுத்து அருகில் வந்துவிட்டார். மெதுவாகத்தான் பேசினார். "சார், யோசிங்க. அந்த ஓடைக்கு மேலதான் மலை வெடிச்சு நிக்கி. ஒரு வில்லைக்காக ஒம்பது பேர அங்க அனுப்பி, அதுல ரெண்டு பேரு வராமப் போனா அவங்க பொஞ்சாதிகிட்ட என்ன சொல்லுவீங்க? பலகை சொல்லுச்சுன்னா?"

எல்லாரும் வந்தாயிற்று என்று தலை எண்ணிக்கை சொல்கிறது. இல்லை என்று பலகை சொல்கிறது. பலகையை எதற்காக வைத்தார்களோ, அதற்காக அதை நம்புவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. நான் போனில் சொன்னேன், "கட்டாயம் இல்லீங்க. வர்றேன்னு சொல்றவங்களை மட்டும் கூட்டிட்டுப் போங்க. இடுப்புல கயிறு கட்டிக்குங்க. மண்ணு நகர்ற சத்தம் கேட்டா உடனே திரும்பிருங்க."

கங்காணி யாரிடமோ பேசினார். பிறகு, "ஒம்பது பேருமே வர்றாய்ங்க சார். மரியபுஷ்பம் வேலைக்குக் கூப்புட்டு நாங்க போகாம இருந்தா நல்லாருக்காதுங்கிறாய்ங்க," என்றார்.

அவர்கள் போய்த் திரும்பும் வரை ஞானமுத்து பலகைக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து மண்டியிட்டிருந்தார். அடுப்பு அணைந்துபோனதைக்கூட அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் அடிக்குழியில், இடுப்பு வரை சேற்றில் ஒரு பெண் கிடந்தாள். உயிரோடு. இடது கால் முறிந்திருந்தது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு இல்லை. தண்ணீர் கொடுத்தபோது விழுங்கினாள். எங்கள் தோட்டத்து ஆள் இல்லை. யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அவர்கள் ஓடையைக் கடந்து வந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவு மறுபடி இறங்கியது. மரம் கிடந்த இடமே போய்விட்டது. கங்காணி போனில் எண்ணிக்கை சொல்லி, ஒன்பது தகரத்தையும் வீட்டுப் பக்கம் மாட்டினார். கீழே ஞானமுத்து ஒன்பது வில்லையை மாட்டினார். ஐம்பத்தெட்டை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அதையும் வீட்டு ஆணியில் முகம் திருப்பி மாட்டினேன், மேலே கங்காணியும் அப்படியே செய்தார். அதன் பிறகு அது நகரவில்லை. காட்டுப் பக்கம் சுத்தமாக இருந்தது. தேடுவதை நிறுத்திவிட்டோம். மண்ணை வெட்டி ஜீப் வழி செய்து அவளைப் போடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இதற்கு ஒரு சாதாரண விளக்கம் இருக்கவேண்டும் என்றுதான் நான் பிறகும் தேடினேன். நீங்களும் இந்நேரம் அதை யோசித்திருப்பீர்கள். கங்காணிகள் சில நேரம் தேவாரம் பக்கத்திலிருந்து பேர் பதியாமல் ஆளைக் கூட்டி வந்து வேலை வாங்குவது உண்டு. தெரிந்தால் வேலை போய்விடும். அப்படிச் சவரிமுத்து கூட்டி வந்தவளாக இருந்து, வெளியே சொல்ல முடியாமல், ஆனால் விட்டுவிடவும் மனமில்லாமல், வில்லையை மாட்டி எங்களை அங்கே திருப்பியிருக்கலாம். நான் இதை அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், அப்படின்னா நான் ஒங்க கால்ல விழுந்து சொல்லியிருப்பேன். வேல போனாப் போகுது. உயிரு ஒண்ணு மண்ணுக்குள்ள கெடக்க, நான் வில்லைய வச்சு வெளயாடிக்கிட்டா இருப்பேன்?" என்றார். அதோடு, மேலே கோயிலில் இருந்தவர் எப்படிக் கீழ்ப் பலகையில் மாட்டினார் என்பதற்கு என் விளக்கத்தில் இடம் இல்லை. ஞானமுத்துவும் சேர்ந்து செய்தார் என்று வைத்துக்கொண்டால் இடம் உண்டு. அவர் அன்றிலிருந்து அந்தப் பலகைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவே இல்லை. செய்த ஆள் அப்படி இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவளுக்குப் பேச்சு வந்திருந்தது. பெயர் பாண்டியம்மா. தேவாரத்துக்காரி. காய் எடுப்புத் தொடங்கிவிட்டது, போய்க் கேட்டால் வேலை கிடைக்கும் என்று விடியலில் கிளம்பி மலை ஏறியிருக்கிறாள். பனியில் வழி தவறி அந்த மரத்தடியில் ஒதுங்கியிருந்தபோது மண் இறங்கியது. மஸ்டர் ஷெட்டை அவள் பார்த்ததே இல்லை. பலகை, வில்லை என்று நான் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை. அங்கே கிடந்தபோது யாரையாவது பார்த்தாயா, யாராவது வந்தார்களா என்று கேட்டேன். நான் எதை எதிர்பார்த்துக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"ஆரும் வரல. மழைதான் பேஞ்சுச்சு," என்றாள். பிறகு என்னையே பார்த்து, "எங்க நாத்தனா எங்க? அவளை எந்த வார்டுல போட்டிருக்கீக?" என்று கேட்டாள்.

நாத்தனார் அவளுக்கு நாலடி முன்னால் ஒதுங்கியிருந்தாளாம்.

மழை ஓய்ந்த பிறகு ஆட்கள் அந்தச் சரிவின் அடியில் மண்ணை வெட்டி நாத்தனாரின் உடலை எடுத்தார்கள். மண் இறங்கிய அந்த மத்தியானமே உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தேவாரத்திலிருந்து அன்று இரண்டு பேர் மலை ஏறியிருக்கிறார்கள். பலகையில் நகர்ந்தது ஒரு வில்லை.